கிராமத்தவர் யார்? உள்ளூராட்சி வாக்குரிமை நடந்துவந்த பாதை

உள்ளூராட்சி என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவன தெருவிளக்கு, குப்பை வண்டி, சந்தைக் குத்தகை, சோலைவரி என்பனவே. பாராளுமன்றத் தேர்தலைப் பற்றித் திண்ணைதோறும் வாதிடும் நாம், நமது வட்டாரத்தில் யார் போட்டியிடுகின்றார் என்பதை வாக்களிப்பு நாள் நெருங்கிய பின்னரே விசாரிக்கின்றோம். பாடசாலைக் குடியியல் நூல்களும் இம்மனப்பான்மைக்குத் துணைபோகின்றன. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூன்று வகைச் சபைகளையும் அவற்றின் கடமைகளையும் வரிசைப்படுத்திவிட்டு, அந்நூல்கள் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றன. இச்சபைகளில் வாக்களிக்கும் உரிமை யாருக்கு எப்பொழுது கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை.

ஆயினும் அரசு என்னும் பெரும் பொறி சாதாரண மனிதனின் வாழ்வைத் தொடும் இடங்களுள் மிக அண்மையானது உள்ளூர்ச் சபையே. குடிநீர்க் கிணறு எந்த ஒழுங்கையில் அமைய வேண்டும், எந்தப் பாதைக்குத் தார் இடவேண்டும், மயானம் யாருக்குரியது, வாசிகசாலையின் கதவு யாருக்குத் திறக்கும் என்பனவற்றைத் தீர்மானிப்பது அச்சபையே. ஆதலால், ‘கிராமத்தவர் யார்?’ என்ற வினாவுக்குச் சட்டம் காலந்தோறும் அளித்துவந்த விடையே உள்ளூராட்சியின் உண்மையான வரலாறு எனலாம். இலங்கையில் அவ்விடை எவ்வாறு மாறிவந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

பழம்பெருமை பேசுவோர் இவ்வினாவை எளிதாகக் கடந்துவிடுவர். தமிழராயின் உத்தரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் எடுத்துக்காட்டுவர். சிங்களவராயின் கண்டி இராச்சியத்தின் கம்சபாவைச் சுட்டுவர். இரண்டும் பெருமைக்குரிய வரலாற்றுச் செய்திகளே. ஆனால் பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளை ஊன்றிப் படிப்பவர், ஓலையில் எழுதப்படுவதற்குரிய பெயர் எதுவென்பதையும் அங்கேயே காண்பர். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவன், தன் மனையில் வீடு கட்டி வாழ்பவன், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருப்பவன், வேதம் கற்றவன் ஆகியோரின் பெயரே குடத்தில் விழுந்தது. பிராமண நிலவுடைமையாளரின் சபை அது. அந்நிலத்தை உழுதவனின் பெயர் ஓலைக்கு வரவில்லை. கண்டி நாட்டுக் கம்சபாவிலும் நிலப்பங்கு உடையோரே கூடி நீர்ப்பங்கீட்டையும் எல்லைத் தகராறுகளையும் தீர்த்துவைத்தனர். நிலம் உடையவனே ஊரவன் என்னும் நிலவுடைமைச் சமுதாயத்தின் நியதி இரண்டிலும் பொதுவாய் நின்றது.

பிரித்தானிய ஆட்சி இந்த அமைப்பை முதலில் தேயவிட்டது. பின்னர் தன் தேவைக்காக மீண்டும் எழுப்பிற்று. கோல்புறூக்கின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1833 ஆம் ஆண்டளவில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பிலிருந்து குடியானவன் விடுபட்டமை முற்போக்கான மாற்றமே. ஆனால் குளங்களையும் வாய்க்கால்களையும் கூடிச் செப்பனிட்டுவந்த பழைய கட்டுப்பாடும் அதனுடன் தளர்ந்தது. அணைகள் உடைந்தன, வயல்கள் தரிசாயின. நெல்வரியை நம்பியிருந்த அரசாங்கத்துக்கு இது நட்டமாயிற்று. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களைப் பெரும்பான்மை முடிவால் மீட்டெடுக்க இடமளித்தது. அப்பெரும்பான்மையில் எண்ணப்பட்டோர் வயற்சொந்தக்காரர் மாத்திரமே.

அதனைப் பின்பற்றி 1871 ஆம் ஆண்டில் கிராமச் சமூகக் கட்டளைச் சட்டம் வந்தது. ஊர்ப் பாதை, மேய்ச்சல் நிலம், கிணறு, வேலி முதலிய விடயங்களில் விதிகள் ஆக்கவும், சிறு வழக்குகளைத் தீர்க்கக் கிராம நீதிமன்றங்களை நிறுவவும் அது வழிசெய்தது. 1889 ஆம் ஆண்டிலும் 1924 ஆம் ஆண்டிலும் இச்சட்டம் புதுக்கப்பட்டது. கிராமச் சங்கங்கள் தோன்றின. ஆனால் அவற்றின் தலைமை அரசாங்க அதிபருக்குக் கீழ்ப்பட்ட தலைமைக்காரர் கையிலேயே இருந்தது. ஊரிலே வரி தண்டுபவரும் பொலிசுக்குத் தகவல் கொடுப்பவரும் ஊரவருக்காகப் பேசுபவரும் ஒருவரேயாயின், சங்கத்திற் கூடியவர் எவ்வளவு துணிவுடன் வாய்திறந்திருப்பர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நகரங்களின் கதை வேறு உருவம் உடையது, உட்பொருள் ஒன்றே. 1865 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி கொழும்பு, கண்டி, காலி ஆகிய நகரங்கள் மாநகர சபைகளைப் பெற்றன. நகரத்தின் சுகாதாரத்துக்கும் காவலுக்கும் ஆகும் செலவை நகரத்தவரிடமிருந்தே பெறுவது அரசாங்கத்தின் நோக்கம். வரி கொடுப்பவன் வாக்கும் கேட்டான். எனவே சொத்துரிமையே வாக்குரிமையாயிற்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் தெருவைக் கூட்டியவனும் நகரத்திலே வாழ்ந்தனர்; ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு நகரத்தவராகத் தோன்றவில்லை.

இந்நிலையில் 1931 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாக வந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரையை ஒட்டி, இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன் சட்டநிரூபண சபைக்கு வாக்களித்தோர் மக்கட்டொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினரே. கல்வியும் செல்வமும் படைத்த தலைவர்கள், சிங்களவராயினும் தமிழராயினும், இம்மாற்றத்தை விரும்பி வரவேற்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை வெளிப்படையாகவே எதிர்த்தார். உடையவனும் உழைப்பவனும் ஒரே பெட்டியில் ஒரே மதிப்புள்ள வாக்கை இடுவது பலருக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சாதிமான்கள் அதனை வேறொரு காரணத்தாலும் அஞ்சினர். தம் வளவுக்குள் முன்வாசலால் நுழையவிடாதவனிடம் வாக்குக் கேட்டு அவன் குடிசை வாசலில் நிற்க நேருமே என்பது அவ்வச்சம்.

இங்கு ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். நாட்டின் தலைமைச் சபைக்கு வாக்களிக்கும் உரிமையைப் பெற்ற ஏழைக் குடியானவனுக்கும் அவன் மனைவிக்கும், தம் ஊர்ச் சங்கத்துக்கு அதே உரிமை உடனே கிட்டவில்லை. அதற்கு மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நகரத்தில் மாற்றம் முந்தி வந்தது. 1937 ஆம் ஆண்டில் வைத்தியர் மேரி ரட்ணம் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார். அதே ஆண்டில் இரத்தினசோதி சரவணமுத்து அந்நகரத்தின் தெரிவு செய்யப்பட்ட முதல் மேயரானார். கிராமங்களைப் பொறுத்தவரை, 1936 ஆம் ஆண்டு முதல் உள்ளூராட்சி அமைச்சராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா சீர்திருத்தத்தைக் கையிலெடுத்தார். 1938 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கிராமச் சங்கங்களில் வயதுவந்தோர் வாக்குரிமையை ஏற்றுக்கொண்டது. தலைமைக்காரரின் பதவிவழித் தலைமையை நீக்கி, உறுப்பினர் தம் தலைவரைத் தாமே தெரியும் முறையை வகுத்தது. கிராமத்தின் சனநாயக வரலாற்றில் இது பெரிய அடி என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே சட்டம் ஒரு சாராரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது. முந்திய சட்டங்கள் ஐரோப்பியரையும் பறங்கியரையும் இந்தியத் தொழிலாளரையும் கிராமச் சமூகத்துக்குப் புறம்பானவராகவே கருதியிருந்தன. 1937 ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட மசோதா, ஐரோப்பியர் மீதும் பறங்கியர் மீதும் இருந்த தடையை நீக்கிற்று. இந்தியத் தோட்டத் தொழிலாளர் மீதிருந்த தடையை மாத்திரம் காப்பாற்றிற்று. இந்திய அரசாங்கம் கண்டனம் தெரிவித்தது. அதன் பயனாக இனத்தைச் சுட்டிய சொல் அகன்றது; தோட்டங்களில் வதியும் தொழிலாளருக்கு வாக்கில்லை என்னும் பொதுவிதி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. சொல் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. லயன் அறைகளில் வாழ்ந்தோரிற் பெரும்பான்மையினர் யாரென்பது சட்டத்தை எழுதியவர்க்கும் படித்தவர்க்கும் நன்கு தெரியும்.

இவ்விலக்கலுக்குக் கூறப்பட்ட நியாயங்களை ஆராய்வது பயனுடையது. ஏனெனில் அவை பிற்காலத்தில் வேறு வேறு உடைகளில் திரும்பத் திரும்ப வந்தன. தோட்டம் என்பது தனியார் உடைமை. அதன் பாதையையும் நீரையும் மருந்தையும் துரைமார் கவனித்துக்கொள்வர். ஆகையாற் கிராமச் சங்கத்துக்கும் தோட்டத்துக்கும் தொடர்பில்லை என்பது ஒரு நியாயம். தொழிலாளரின் தொகை மிகுதியாதலால் அவர் வாக்குக் கண்டிக் கிராமத்தவரின் வாக்கை அமிழ்த்திவிடும் என்பது மற்றொன்று.

இரண்டாவது நியாயத்தின் பின்னால் உண்மையான துயரம் ஒன்று இருந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் சட்டத்தின் துணைகொண்டு, கண்டிக் கிராமத்தவர் சேனைப்பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த மேட்டுநிலங்களை அரசாங்கம் தனதாக்கிற்று. அவற்றைக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றது. கோப்பிக்குப் பின் தேயிலை வந்தது. கிராமம் தோட்டங்களால் நெருக்குண்டது. ஆனால் அந்நிலத்தைப் பறித்தவன் கூலியாள் அல்லன். அவனும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிற் பஞ்சத்தாலும் கடனாலும் நிலமிழந்து, கங்காணியின் துண்டுக் கடனிற் கட்டுண்டு மலையேறியவனே. நிலமிழந்த இரு கூட்டத்தார் ஒரே மலைச்சரிவில் அருகருகே வாழ்ந்தனர். ஒரே சங்கத்தில் அமர்ந்து, ஒரே பாதைக்கும் ஒரே நீரூற்றுக்கும் சேர்ந்து வாக்களித்திருந்தால் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பர். அவ்வறிமுகம் நிகழாமற் செய்ததே 1938 ஆம் ஆண்டின் விலக்கலினால் விளைந்த பெருங்கேடு என நாம் கருதுகின்றோம். கிராமத்தவனின் கோபம் தோட்ட உடைமையாளனை விட்டுத் தோட்டத் தொழிலாளியின்மேற் பாய்வதற்கு அது வழிகோலிற்று.

அடுத்து நிகழ்ந்தன நாடறிந்தவை. 1939 ஆம் ஆண்டில் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக வேலைசெய்த இந்தியர் நீக்கப்பட்டனர். நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. இந்தியா தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமையற்றவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. மலையகத் தமிழரில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். இவ்வநீதியை எழுதுவோர் பெரும்பாலும் 1948 ஆம் ஆண்டிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். அதன் ஒத்திகை பத்தாண்டுகளுக்கு முன்னரே, யாரும் பெரிதாகக் கருதாத கிராமச் சங்கத்தில் நடந்தேறிவிட்டது. ஊரிலே ஒருவனை ஊரவனல்லன் என்று சொல்ல அனுமதித்தால், நாட்டிலே அவனை நாட்டவனல்லன் என்று சொல்வதற்கு அதிக காலம் ஆகாது.

வடபகுதியிலே கிராமச் சங்கம் கிராமசபையாகப் பெயர் மாறி வளர்ந்த காலத்தில், விலக்கல் வேறு வடிவம் கொண்டது. இங்கு தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சட்டப்படி வாக்கிருந்தது. ஆனால் வட்டார எல்லைகள் எங்கே ஓடுகின்றன என்பதிலேயே அவ்வாக்கின் பலம் தங்கியிருந்தது. குடியிருக்கும் காணி பிறனுடையதாயும் குடிதண்ணீர்க் கிணறு பிறன் வளவிலுள்ளதாயும் இருக்கும்போது, இரகசிய வாக்குக்கூட முழுச் சுதந்திரம் உடையதாகாது. எழுப்பிவிடுவேன் என்ற ஒரு சொல்லும், தண்ணீர் தரமாட்டேன் என்ற ஒரு சொல்லும் பல வாக்குகளை மாற்ற வல்லவை. ஆயினும் வாக்குப் பயனற்றுப் போகவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் இடதுசாரி இயக்கங்களும் மக்களை அமைப்பாக்கிய ஊர்களிலே, பொதுக் கிணறும் தெருவும் கோரிக்கைகளாகிச் சபை மேசைக்கு வந்தன. தலைநகரத்திலும், 1954 ஆம் ஆண்டில் சமசமாஜத் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா மேயராகத் தெரிவானமை, உழைப்பாளர் வாக்கு உள்ளூர்ச் சபையின் தலைமையை எட்டக்கூடியது என்பதைக் காட்டிற்று.

உள்ளூர்ச் சபை நல்ல நோக்கத்துடன் இயங்கினால் யாது செய்யக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைக் காட்டிலும் சிறந்த சான்று நம்மிடம் இல்லை. முப்பதுகளில் தனிமனிதர் சிலரின் முயற்சியாகத் தொடங்கிய சிறு வாசிகசாலை நகரத்து உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. 1949 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மாநகர சபையாயிற்று. பொதுமக்களின் நன்கொடையும் சபையின் முயற்சியும் சேர்ந்து, 1959 ஆம் ஆண்டில் அழகிய புதுக்கட்டடம் திறக்கப்பட்டது. எந்த ஒழுங்கையில் வாழ்பவனும் எந்தக் குலத்தில் பிறந்தவனும் உள்ளே சென்று நூலொன்றைக் கேட்டு வாங்கக்கூடிய கூடம் அது. கோயில் வாசல்கள் பல மூடிக்கிடந்த நாட்டில், சபையின் வரிப்பணம் திறந்துவைத்த வாசல் அது.

அந்நூலகம் எரிந்த இரவும் ஓர் உள்ளூராட்சித் தேர்தலோடு பின்னிக்கிடப்பது தற்செயலன்று. 1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைச் சட்டம் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கிராமசபைகளையும் பட்டினசபைகளையும் ஒழித்து, மாவட்டந்தோறும் ஒரு சபையை நிறுவ முனைந்தது. ஊர் மட்டத்தில், வாக்கினால் தெரியப்பட்ட உறுப்பினர் இருந்த இடத்தில், சங்கங்களின் தலைவர்களைக் கொண்ட கிராமோதய மண்டலங்கள் வைக்கப்பட்டன. ஊரவன் நேரடியாகத் தெரியும் சபை இவ்வாறு நாடு முழுவதும் ஒருங்கே மறைந்தது. சிங்களக் கிராமத்தவனும் தமிழ்க் கிராமத்தவனும் ஒரே நாளில் இழந்த உரிமை இது. எனினும் இருவரும் அதற்காகச் சேர்ந்து குரலெழுப்பவில்லை. மாவட்டச் சபைக்கான தேர்தல் 1981 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் திகதி நடைபெறவிருந்தது. அதற்கு முன்னர், மே 31 ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணத்தில் மூண்ட அட்டூழியத்தில், தேர்தற் கடமைக்கென வந்து குவிந்திருந்த பொலிசாரின் கையால் கடைவீதியும் ‘ஈழநாடு’ பத்திரிகை நிலையமும் பொதுநூலகமும் எரிந்தன. நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. நாலு நாட்களின் பின் மக்கள் வாக்களித்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தின் பத்து இடங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணி பெற்றது. வாக்குக்கு விடையாகத் தீ வந்த நாட்டில், வாக்கின்மேலிருந்த நம்பிக்கை தளர்ந்தமை வியப்பன்று.

1983 ஆம் ஆண்டு மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் பகிஷ்கரிப்புக் கோரிக்கை எழுந்தது. யாழ்ப்பாணத்தில் மிகச் சிலரே வாக்களித்தனர். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அங்கு உள்ளூராட்சித் தேர்தலே இல்லை. 1998 ஆம் ஆண்டு சனவரியிலே தேர்தல் நடந்து, சரோஜினி யோகேஸ்வரன் மாநகர மேயரானார். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் பின் மேயரான பொன். சிவபாலன் செப்டெம்பரிற் குண்டுவெடிப்பில் மாண்டார். அரசின் ஆயுதமாயினும் அரசை எதிர்த்த ஆயுதமாயினும், மக்கள் தெரிந்த உள்ளூர்ப் பிரதிநிதிக்கு வாழ்விடம் இல்லையெனில் அங்கு குடியாட்சிக்கும் இடமில்லை. இரு திசைகளிலிருந்தும் வந்த இக்கேட்டை ஒன்றாகவே கண்டிக்க நாம் கற்கவேண்டும். யாழ்ப்பாண மாநகர சபைக்கும் வவுனியா நகர சபைக்கும் 2009 ஆம் ஆண்டிலும், வடக்கின் ஏனைய சபைகளிற் பெரும்பாலானவற்றுக்கு 2011 ஆம் ஆண்டிலுமே மீண்டும் தேர்தல் வந்தது. இடைப்பட்ட நெடுங்காலத்தில் விசேட ஆணையாளரும் செயலாளரும் ஊரை நடத்தினர். ஒரு தலைமுறை, தன் வட்டார உறுப்பினரின் வீட்டுப் படலையைத் தட்டும் பழக்கத்தை அறியாமலே வளர்ந்தது.

இனி மீண்டும் மலைக்குத் திரும்புவோம். அபிவிருத்திச் சபை முறை தோல்வியுற்றதன்பின் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. 1991 ஆம் ஆண்டில் அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. இதற்கிடையில் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்களும் நிறைவேறின. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிட முற்பட்டது. 1988 ஆம் ஆண்டின் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் சட்டமும் எஞ்சியோரைக் குடிமக்களாக்கின. தோட்டத் தொழிலாளி வாக்காளனானான். பிரதேச சபைக்கும் வாக்களித்தான். ஆனால் அவன் வாக்களித்த சபை அவன் லயத்துக்கு வரவில்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள்ளே சபை நிதியைச் செலவிட இடமில்லை என்று கூறப்பட்டது. பயிர்நிலத்துக்கு ஏக்கர்வரி அறவிடச் சட்டம் இடந்தந்தது; பயிரிட்டவனின் பாதைக்குக் கல் பரவ இடந்தரவில்லை. தோட்டம் தனியுலகம் என்ற 1937 ஆம் ஆண்டின் நியாயம், வாக்கு வந்தபின்னும் சட்டத்தின் ஒரு மூலையில் உயிரோடிருந்தது.

அம்முடிச்சு 2018 ஆம் ஆண்டிலேயே அவிழ்க்கப்பட்டது. அவ்வாண்டில் நிறைவேறிய திருத்தத்தின் மூலம், தோட்டங்களுக்குள்ளும் பொதுவசதிகளைச் செய்யப் பிரதேச சபைகளுக்கு வழி திறந்தது. 1938 இலிருந்து எண்ணினால் எண்பது ஆண்டுகள். அதே ஆண்டில், நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து தேர்தலைக் கண்டன. அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்பன புதிதாய்த் தோன்றியவை. இதன் பொருளை உணர ஓர் ஒப்பீடு போதும். நெடுந்தீவில் ஐயாயிரத்துக்கும் குறைந்த மக்களுக்கு ஒரு பிரதேச சபை உண்டு. கடல்சூழ்ந்த தீவுக்கு அது தேவையுமாகும். அம்பகமுவவில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்களுக்கு அதுவரை இருந்ததும் ஒன்றே. வாக்குச் சீட்டில் ஒருவருக்கு ஒரு வாக்கு என எழுதப்பட்டிருந்தாலும், எல்லைக்கோடு அதனைப் பல துண்டாக்கிவிடும் என்பதற்கு இது தெளிவான உதாரணம்.

பெண்கள் திறத்திலும் கணக்கு இவ்வாறானதே. வாக்காளரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருந்தும், உள்ளூராட்சி உறுப்பினருள் அவர் நூற்றுக்கு இருவர் அளவினராகவே நெடுங்காலம் இருந்தனர். வட்டார முறையும் விகிதாசாரமும் கலந்த புதிய முறையில், நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2018 பெப்புருவரித் தேர்தலிலேயே முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுக்குழாயில் வரிசையில் நிற்பவளும், குப்பை தேங்கிய வாய்க்காலோரம் பிள்ளையைத் தூக்கிச் செல்பவளும் அவளே. அவளை நீக்கிவிட்டு நீரையும் வாய்க்காலையும் பற்றி ஆண்கள் தீர்மானித்துவந்த நூற்றாண்டை நினைக்கும்போது, இவ்வொதுக்கீட்டைச் சலுகையென்று கூறுவோரின் வாதம் நமக்கு வியப்பளிக்கின்றது.

இவ்வளவு காலம் எடுத்துப் பெற்ற உரிமை உறுதியானதா? 2023 ஆம் ஆண்டு மார்ச்சு 9 ஆம் திகதி நடைபெற வேண்டியிருந்த தேர்தல், பணமில்லை என்னும் காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. சபைகளின் காலம் அம்மாதமே முடிந்தது. ஈராண்டுக்கு மேலாக நாடெங்கும் உள்ளூர்ச் சபைகள் அதிகாரிகளின் கையில் இருந்தன. 2024 ஆகத்து மாதத்தில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஆம் ஆண்டு மே 6 ஆம் திகதியே வாக்களிப்பு நிகழ்ந்தது. பாராளுமன்றத் தேர்தலொன்று இவ்வாறு ஈராண்டு தள்ளிவைக்கப்பட்டிருந்தால் நாடு கொந்தளித்திருக்கும். உள்ளூர்ச் சபைதானே என்னும் நமது அலட்சியமே அதனைத் தள்ளிவைப்போருக்குத் துணிவைத் தருகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? உள்ளூர் வாக்குரிமை மேலிருந்து ஒரே வீச்சில் அருளப்பட்டதன்று. நிலமுடையோன், வரிகொடுப்போன், ஆண்மகன், கிராமத்தில் வீடுடையோன் என ஒவ்வொரு வேலியாகப் பிடுங்கப்பட்டே அது விரிந்தது. ஒரு வேலி விழும்போது இன்னொரு வேலி சந்தடியின்றி நாட்டப்பட்டமையையும் கண்டோம். வாக்கைப் பறிக்க முடியாதபோது எல்லை வரையப்படுகின்றது. எல்லை திருத்தப்படும்போது நிதி மறுக்கப்படுகின்றது. நிதி கேட்கும்போது தேர்தலே ஒத்திவைக்கப்படுகின்றது.

ஆதலால் வாக்களிப்பு நாளோடு நம் கடமை முடிவதில்லை. பிரதேச சபைக் கூட்டத்தைப் பார்வையாளராகச் சென்று கேட்கலாம். வரவு செலவுத் திட்டத்தை வாங்கிப் படிக்கலாம். சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரும் இடம்பெற வழியுண்டு. ஆசிரியர், மாணவர், வாசிகசாலை இளைஞர், தொழிற்சங்கத்தினர் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினால், சோலைவரி எங்கே போகின்றது என்ற வினா திண்ணையை விட்டுச் சபை மண்டபத்துக்குச் செல்லும். அங்கே எழுப்பவேண்டிய முதல் வினா நமது ஒழுங்கைக்கு விளக்கு எப்பொழுது வரும் என்பதன்று. எந்த ஒழுங்கைக்கு இதுவரை விளக்கு வரவில்லை, அங்கே வாழ்வோர் யார் என்பதே. அவ்வினாவைத் தனக்காக மாத்திரமன்றிப் பிறனுக்காகவும் எழுப்புபவனே உண்மையான கிராமத்தவன். 1938 ஆம் ஆண்டில், அடுத்திருந்த லயத்தவனுக்காக அக்கிராமங்களில் அவ்வினாவைப் போதியவர் எழுப்பவில்லை. அதன் விலையை இந்நாடு முழுவதும் கொடுத்துத் தீர்த்தது.